களரியும் கொட்டகையும்: திண்டிவனம் – விழுப்புரம் வட்டார அரங்க வரலாற்றில் பார்வையாளரின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாடக வரலாறுகள் பெரும்பாலும் சபாக்கள், கம்பெனிகள், அச்சேறிய நாடகப் பனுவல்கள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளன. இவ்வகைச் சான்றுகளால் அதிகம் அறியப்படாத திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்கள் அவ்வரலாறுகளில் கம்பெனிகள் கடந்து சென்ற வழியாகவோ, காலமற்ற ‘நாட்டார் கலை’யின் நிலமாகவோ மட்டுமே தோன்றுகின்றன. இவ்வட்டார அரங்க வரலாற்றை நிகழ்த்துநர், பனுவல் என்னும் முனைகளிலிருந்து அல்லாமல், பார்வையாளர் அமர்ந்த இடத்திலிருந்து எழுத இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். கூத்துக் களரியும் நாடகக் கொட்டகையும் பழமை, புதுமை என்ற அளவில் மட்டும் வேறுபடுபவை அல்ல. யார் எங்கே அமரலாம் என்பதை வரையறுக்கும் இருவேறு ஒழுங்குகள் அவை என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: தெருக்கூத்து, களரி, கொட்டகை, திரௌபதி அம்மன் வழிபாடு, பார்வையாளர், தலைக்கட்டு வரி, திண்டிவனம், விழுப்புரம்.

முன்னுரை

ஒரு நகரத்தின் அரங்க வரலாற்றை எழுத முனைவோர் முதலில் தேடுவது கட்டடத்தை. கட்டடம் இருந்தால் அதற்கு உரிமையாளர், திறப்பு விழா, நிகழ்த்தப்பட்ட நாடகங்களின் பட்டியல், விளம்பரத் தாள்கள், நீதிமன்ற வழக்குகள் என ஆவணங்கள் பின்தொடரும். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் உருவாக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா ஆகியன தமிழ் நாடக வரலாற்றின் மைல்கற்களாக அமைந்தமைக்கு அவற்றின் கலைச்சிறப்பு ஒரு காரணம். அவை விட்டுச்சென்ற எழுத்துச் சான்றுகள் மற்றொரு காரணம்.

1993இல் பழைய தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது உருவான விழுப்புரம் மாவட்டத்தின் இரு முதன்மை நகரங்களான விழுப்புரமும் திண்டிவனமும் இத்தகைய சான்றுகளால் அறியப்படும் ஊர்கள் அல்ல. எனினும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இரவு முழுதும் நிகழும் பாரதக் கூத்தைக் காணும் மக்கள்திரள் இன்றும் உண்டு. ஆவணம் இல்லாமையை அரங்கம் இல்லாமையாகக் கொள்வது வரலாற்றெழுத்தின் குறையே ஆகும். இக்குறையை ‘மக்கள் கலை’ என்னும் புகழ்மொழியால் ஈடுசெய்ய முயல்வதும் அதற்கு இணையான குறையே. இவ்விரண்டையும் தவிர்த்த வாசிப்பொன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

1. முகாம் என்னும் சொல்

தொழில்முறை நாடகக் கம்பெனிகளின் வழக்கில் ஓர் ஊரில் தங்கி நாடகம் நடத்தும் காலம் ‘முகாம்’ எனப்பட்டது. ஊர் மாறும்போது காட்சித் திரைகளும் உடைப் பெட்டிகளும் நடிகர்களும் இரயிலேறினர். டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ ஊர் ஊராக நகர்ந்து செல்லும் தன்வரலாறு. அதில் நாடக வரலாறும் பயண வரலாறும் பிரிக்க இயலாதவாறு பின்னியுள்ளன.

இப்பயண வரைபடத்தில் விழுப்புரத்தின் இடம் குறிப்பிடத்தக்கது. சென்னை, மயிலாடுதுறை, திருச்சிராப்பள்ளி, புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஐந்து திசைகளின் இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பு அது. சென்னையிலிருந்து தெற்கே வரும் பாதையில் அதற்கு முன்னதாக அமைந்த பெரிய ஊர் திண்டிவனம். சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று மறைந்த புதுச்சேரிக்கு விழுப்புரத்திலிருந்தே கிளைப்பாதை பிரிகிறது. ஆயினும் கம்பெனிகளை மையமாகக் கொண்ட வரலாற்றில் சந்திப்பு என்பது வண்டி மாறும் இடம் மட்டுமே. அங்குள்ள மக்கள் என்ன பார்த்தனர், எங்கே அமர்ந்து பார்த்தனர் என்னும் வினாக்கள் எழுவதில்லை.

தமிழ் மேடையும் திரையும் நன்கறிந்த ஒரு முதலெழுத்தில் இவ்வூர் மறைந்திருப்பது இதற்கு நல்ல சான்று. வி.சி. கணேசன் என்னும் பெயரின் ‘வி’ விழுப்புரத்தைக் குறிக்கும். 1928 அக்டோபர் 1 அன்று அங்குப் பிறந்த அவர், குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்த பின்னரே சிறுவயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்’ நாடகத்தில் நடித்தமைக்காகப் பெரியார் அவருக்கு அளித்த ‘சிவாஜி’ என்னும் பெயர் ஊர்ப்பெயரைப் பின்தள்ளிவிட்டது. சிறுவனாகக் கண்ட கட்டபொம்மன் கூத்தே தம்மை நடிப்பின்பால் ஈர்த்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். கொட்டகை நாடகத்தின் வழிவந்த பெருநடிகர் ஒருவர் தம் தொடக்கத்தைக் கூத்தில் காண்கிறார் என்பது கருதத்தக்கது. கொட்டகையையும் களரியையும் தனித்தனி வரலாறுகளாக எழுதுவதன் போதாமையை இந்நினைவு காட்டுகிறது.

2. களரி: ஊர் அரங்காகும் முறை

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் கூத்து பெரும்பாலும் திரௌபதி அம்மன் திருவிழாவோடு இணைந்தது. ஆல்ஃப் ஹில்டபைடல் 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகள், செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியை இவ்வழிபாட்டின் முதன்மை மையங்களுள் ஒன்றாகக் கொண்டு இதன் பரவலை ஆராய்ந்தன. ரிச்சர்டு ஃபிராஸ்காவின் 1990ஆம் ஆண்டு நூல் கூத்தை வடக்குப் பாணி, தெற்குப் பாணி எனப் பிரித்து, தென்னார்க்காட்டுப் பகுதியைத் தெற்குப் பாணிக்குரியதாகக் காட்டியது. இவ்வாய்வுகள் சடங்கையும் நிகழ்த்துமுறையையும் விரிவாகப் பதிவுசெய்தன. அவை தரும் செய்திகளைக் கொண்டே பார்வையாளரின் இடம் பற்றிய வினாவையும் எழுப்ப முடியும்.

திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழும். வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனக் கதை வளர்ந்து, படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிஷேகம் என முடியும். சில நிகழ்வுகளில் மேடைக்கும் ஊருக்கும் இடையிலான எல்லை அழிந்துவிடும். படுகளத்தன்று தரையில் மண்ணால் அமைக்கப்படும் துரியோதனனின் பேருருவம் ஊர்வெளியையே குருச்சேத்திரமாக்குகிறது. அங்குத் திரௌபதி கூந்தல் முடிப்பது கூத்தின் உச்சமாகவும் வழிபாட்டின் உச்சமாகவும் ஒருசேர அமைகிறது.

அர்ச்சுனன் தபசு இவ்வகையில் மிகவும் தெளிவான எடுத்துக்காட்டு. அர்ச்சுன வேடமிட்டவர் உயரமான தபசு மரத்தில் பாடியபடி ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, வில்வ இலை முதலியவற்றைக் கீழே வீசுவார். மகப்பேறு வேண்டும் பெண்கள் ஈரப் புடவையுடன் மரத்தடியில் காத்திருந்து முந்தானையில் அவற்றை ஏந்திக்கொள்வர். இங்குப் பார்த்தல் என்பது பெறுதலும் ஆகும். மேலிருந்து விழுவது மரத்தடியில் நிற்க இயன்றவருக்கே கிட்டும். எனவே களரியில் ஒருவர் நிற்கும் இடம் வசதியைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அருளில் அவருக்குள்ள பங்கையும் அதுவே முடிவுசெய்கிறது.

இவ்விடம் எவ்வாறு வரையறுக்கப்படுகிறது? களரி கட்டணமற்றது என்பது பரவலான கருத்து. கட்டணச் சீட்டு இல்லை என்ற அளவில் அது உண்மையே. ஆனால் திருவிழாச் செலவு தலைக்கட்டு வரியால் ஈடுசெய்யப்படுகிறது. ஊரின் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு தலைக்கட்டாகக் கணக்கிடப்பட்டு வரி செலுத்தும். வரி செலுத்துதல் கடமையாக இருப்பதோடு, ஊரைச் சேர்ந்தவர் என்பதற்கான ஒப்புதலாகவும் அமைகிறது. திருவிழாவில் முறையும் மரியாதையும் அதன் வழியே வருகின்றன. ஊர் என்றும் காலனி என்றும் பிரிந்த குடியிருப்புகளில், ஊரின் கோயிலுக்குக் காலனியிடம் வரி கேட்கப்படாத நிலையில், கேளாமையே விலக்காகிறது. களரிக்கும் ஒரு சீட்டு உண்டு. அது தலைக்கட்டு வரி. கொட்டகையின் சீட்டைக் காசுள்ளவர் கேட்டுப் பெறலாம். களரியின் சீட்டையோ ஊர் கேட்டால்தான் கொடுக்க முடியும்.

இவ்விலக்கு கதையிலிருந்து வருவது அன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். திரௌபதி அம்மன் கோயில்களில் போத்துராஜாவோடு முத்தால் இராவுத்தன் என்னும் இசுலாமியக் காவல் தெய்வமும் இடம்பெறுவது இவ்வழிபாட்டின் சிறப்பியல்பு. வேற்றுச் சமயத்தவனைத் தன் வாயிற்காவலனாக ஏற்கும் அளவு கதையின் எல்லை விரிந்தது. அந்த விரிவு தரையில் அமர்வோரின் ஒழுங்குக்குள் நுழையவில்லை.

நிகழ்த்துநரின் நிலை இதனினும் சிக்கலானது. கூத்துக் கலைஞர்கள் ஒரே சாதியினர் அல்லர். பல சாதிகளிலும், பட்டியல் சமூகக் குடியிருப்புகளிலும் கூத்துக் குழுக்கள் இருந்துவந்துள்ளன. மேலும், கூத்து கோயிலை மட்டும் சார்ந்ததும் அன்று. கருமாதியின்போது ‘கர்ண மோட்சம்’ நிகழ்த்தும் வழக்கம் வடதமிழகத்தில் வேரூன்றியது. அங்கு அழைப்பவர் ஊரார் அல்லர், இறந்தவரின் குடும்பத்தார். களம் அவர்களது தெரு. அதே கதை, அதே கட்டியக்காரன், அதே முகவீணை. ஆனால் முன்னே அமர்வோரின் வரிசை வேறு. கூத்தின் வடிவத்தை மட்டும் ஆராய்வோருக்கு இவ்விரண்டும் ஒன்றே. தரையை ஆராய்வோருக்கு இவை இருவேறு அரங்குகள்.

3. கொட்டகை: சீட்டின் ஒழுங்கு

தற்காலிகமாக எழுப்பப்பட்ட ஓலை அல்லது தகரக் கொட்டகை வேறோர் ஒழுங்கைக் கொணர்ந்தது. தரை, பெஞ்சு, நாற்காலி எனக் கட்டணத்துக்கேற்ப இடங்கள் பிரிக்கப்பட்டன. கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகளமாகத் திரையரங்கைச் சுட்டினார். அங்கு அமரும் இடத்தைச் சமூகப் படிநிலை அன்றி வாங்கும் திறனே தீர்மானித்தது என்பது அவரது கருத்து. தமிழ்த் திரை ஆய்வில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படும் இக்கருத்தைத் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தோடு பொருத்திப் பார்க்கையில் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, இக்கருத்தின் முழு விசையும் களரியை அருகில் வைத்துப் பார்க்கும்போதே புலப்படும். சென்னை போன்ற பெருநகரில் கொட்டகைக்கு எதிர்நிலையாக நிற்பது சபா. சபா உறுப்பினரின் கல்வியும் பதவியும் அங்கு அளவுகோல். திண்டிவனம் போன்ற ஊரில் எதிர்நிலையாக நிற்பது களரி. பகலில் சந்தைக்கோ நீதிமன்றத்துக்கோ நகருக்கு வரும் சிற்றூர் மனிதர், தம் ஊர்க் களரியில் பெற இயலாத இடமொன்றைக் காசு கொடுத்து நகரக் கொட்டகையில் பெறும் வாய்ப்பு உருவாயிற்று. சிறுநகரக் கொட்டகையின் சமூகப் பொருள் அதன் நாடகங்களில் மட்டும் இல்லை. ஊருக்கும் நகருக்கும் இடைப்பட்ட தொலைவிலும் உள்ளது.

இரண்டாவது, சீட்டின் சமத்துவத்தை முழுமையானதாகக் கொள்ள இயலாது. இந்திய அரசியலமைப்பின் 15(2) ஆம் உறுப்பு, கடைகள், உணவகங்கள் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் குறிப்பிட்டு, அங்குச் சாதி அடிப்படையில் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. காசு மட்டுமே வாயிலைத் திறந்திருந்தால் அத்தகைய விதி தேவைப்பட்டிராது. வாங்கும் திறன் என்பதும் நிலவுடைமையோடும் கூலியோடும் பிணைந்தது. தரைச்சீட்டில் அமர்ந்தவர் யார், நாற்காலியில் அமர்ந்தவர் யார் என்பது ஊரின் படிநிலையிலிருந்து முற்றிலும் விடுபட்டிருக்க இயலாது. சிவத்தம்பியின் கூற்றை நிறைவேறிய ஒரு நிலையின் விவரிப்பாகக் கொள்வதைவிடத் தொடங்கிய ஒரு மாற்றத்தின் அடையாளமாகக் கொள்வதே பொருந்தும்.

4. சட்டத்தின் இரு வாயில்கள்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ.பி. இராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவரது ஆட்சிக்காலத்தில்தான் சென்னை ஆலய நுழைவு அனுமதிச் சட்டம் 1947 நிறைவேறியது. அதனையடுத்து 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் (பின்னர்க் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது) வழிபாட்டிடத்தைத் தனிப் பிரிவிலும், பொதுக் கேளிக்கை இடத்தை வேறொரு பிரிவிலும் வைத்து இரண்டிலும் தடை செய்வதைக் குற்றமாக்கியது.

சட்டம் இவ்வாறு இரு வாயில்களைக் காண்கிறது. கோயிலின் கதவு ஒன்று; கொட்டகையின் கதவு மற்றொன்று. களரிக்கோ கதவே இல்லை. அது வழிபாட்டிடமும் ஆகும், கேளிக்கை இடமும் ஆகும். கதவில்லாத வெளியில் எவரும் தடுத்து நிறுத்தப்படுவதில்லை. இன்னார் இன்ன இடத்தில் நிற்பர் என்னும் பழக்கமே தடையின் வேலையைச் செய்துவிடுகிறது. கதவைத் திறக்கும் சட்டத்தால் கதவற்ற இடத்தை எளிதில் எட்ட முடிவதில்லை.

இது கடந்தகாலச் செய்தி அன்று என்பதற்கு விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி சான்றாகிறது. அங்குள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது பட்டியல் சமூகத்தார் நுழைந்ததையொட்டி மோதல் எழுந்தது. பேச்சுவார்த்தைகள் தோல்வியுற, ஜூன் மாதம் வருவாய்த் துறை கோயிலுக்கு முத்திரையிட்டது. உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் திறக்கப்பட்ட அக்கோயிலில், 2025 ஏப்ரலில் காவல் துறைப் பாதுகாப்புடன் பட்டியல் சமூகத்தார் வழிபட்டனர். ஓமந்தூராரின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டத்துக்கும் இவ்வழிபாட்டுக்கும் இடையே 78 ஆண்டுகள் உள்ளன. மேல்பாதி நிகழ்வு கூத்தைப் பற்றியது அன்று. எனினும் கூத்து எந்தத் தெய்வத்தின் திருவிழாவில் வளர்ந்ததோ, அத்தெய்வத்தின் வாயிலில் யார் நிற்கலாம் என்னும் வினா இன்னும் முடியவில்லை என்பதை அது காட்டுகிறது. இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு இவ்வட்டாரக் கூத்தை ‘அனைவருக்குமான மக்கள் அரங்கு’ எனப் போற்றுவது வரலாற்றாய்வாகாது.

5. பெயர்ந்த வடிவம், பெயராத தரை

1970களில் நவீன நாடகக்காரர்கள் கூத்தைக் கண்டடைந்தனர். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசைக் கலைஞர்களின் கூத்தைத் தமிழுக்குரிய அரங்க மொழியாக நிலைநாட்டினார். புரிசைக் குழுவினர் காப்ரியேல் கார்சியா மார்க்கேசின் சிறுகதையைக் கூத்து வடிவில் நிகழ்த்தியது இவ்வூடாட்டத்தின் பயன்களுள் ஒன்று. மறுபுறம், பெ. இராஜகோபாலும் ஹன்னா டி புருய்னும் ‘தெரு’ என்னும் அடைமொழி கலைஞரைத் தாழ்த்துவதாகக் கருதி, ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயரை முன்னிறுத்தினர். 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம் கலைஞரின் மதிப்புக்கான அமைப்பாகச் செயற்பட்டது.

இம்முயற்சிகள் கூத்துக்குப் பெற்றுத்தந்த மதிப்பு பெரிது. ஆயினும் இவற்றின் கவனம் வடிவத்திலும் கலைஞரிலும் நிலைகொண்டது. கூத்து நகர மேடைக்குப் பெயர்ந்தபோது அதன் ஒப்பனையும் அடவும் இசையும் பெயர்ந்தன. தரையின் ஒழுங்கு பின்தங்கிவிட்டது. நகரப் பார்வையாளர் நாற்காலியில் அமர்ந்து கூத்தைக் காண்கையில், களரியில் ஒருவர் எங்கே நிறுத்தப்பட்டார் என்பது அவர் அறியாத செய்தியாகிறது. தலித் அரங்கு குறித்து கே.ஏ. குணசேகரன் முன்னெடுத்த உரையாடல், மேடையில் யாருடைய வாழ்வு நிகழ்த்தப்படுகிறது என்னும் வினாவை வலுவாக எழுப்பியது. மேடைக்கு எதிரே யார் எங்கே அமர்ந்தனர் என்னும் வினாவை அதனோடு சேர்க்கும்போதே அவ்வுரையாடல் நிறைவுறும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பார்வையாளரின் இடத்தை மட்டும் நோக்குவது கூத்தின் கலைச்சிறப்பைச் சாதி ஒழுங்கின் நிழலாகச் சுருக்கிவிடாதா? மறுப்பு நியாயமானதே. ஆனால் கட்டியக்காரன் அரசனை எள்ளும்போது எழும் சிரிப்பு முன்வரிசையில் மட்டும் எழுவது அன்று. விளிம்பில் நின்றவரும் சிரித்தனர். அவர்கள் நின்ற இடத்தை அறிந்தால் அச்சிரிப்பின் பொருள் கூடுமேயன்றிக் குறையாது. துகிலுரிதலில் அவை நடுவே நிறுத்தப்பட்ட ஒருத்தி நியாயம் கேட்பதை, ஊர்நடுவே நிற்க இயலாத ஒருத்தி எட்ட நின்று கேட்டாள் என்பதும் அக்காட்சியின் வரலாற்றைச் சேர்ந்ததே.

முடிவுரை

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தின் அரங்க வரலாறு கட்டடங்களின் வரலாறாக எழுதப்பட்டால் அது சில பக்கங்களில் முடிந்துவிடும். வடிவத்தின் வரலாறாக எழுதப்பட்டால் காலமற்ற பெருமையாக மாறிவிடும். பார்வையாளரின் இடத்திலிருந்து எழுதப்படும்போது களரி, கொட்டகை, கோயில் வாயில், சட்டம், நகர மேடை ஆகியன ஒரே வரலாற்றின் பகுதிகளாகின்றன. களரி சாதி வழியும் கொட்டகை காசு வழியும் இடத்தைப் பங்கிட்டன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மக்கள் நடந்துசென்ற தொலைவே இச்சிறுநகரங்களின் அரங்க வரலாறு.

இதனை எழுதத் தேவையான சான்றுகள் நாடகப் பனுவல்களில் இல்லை. ஊர்களின் வரிக் கணக்கேடுகள், திருவிழா அழைப்பிதழ்களில் இடம்பெற்ற பெயர்களும் இடம்பெறாத பெயர்களும், கொட்டகை உரிமக் கோப்புகள், கருமாதிக் கூத்துக்கு முன்பணம் பெற்ற கலைஞர்களின் குறிப்பேடுகள், எல்லாவற்றுக்கும் மேலாக விளிம்பில் நின்று பார்த்தோரின் வாய்மொழி ஆகியவையே அச்சான்றுகள். அந்தத் தலைமுறை முதுமையடைந்துவருகிறது. இனி மேற்கொள்ளப்படும் களஆய்வுகள் கலைஞரிடம் கேட்கும் வினாக்களோடு, ‘நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்?’ என்னும் வினாவைப் பார்வையாளரிடமும் கேட்பது இன்றியமையாதது.